ஏழாம் நம்பர் வீட்டில் எதிர் ஓசோன்

ஹீன்கந்த தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் பன்னிரண்டு புது வீடுகள் கட்டி முடிக்கப்பட்டபோது, முதலில் குடிபுகுந்தது ஓர் இயந்திரம். பால் காய்ச்சவில்லை. மற்ற மரியாதையெல்லாம் குறைவின்றி நடந்தது. கரவனெல்லையிலிருந்து மேளம் வந்தது, கொழும்பிலிருந்து மூன்று ஜீப் வந்தன. இரண்டு பேர் இயந்திரத்தைக் கைத்தாங்கலாக இறக்கி, ஏழாம் நம்பர் வீட்டு முன்னறையில் மேசை போட்டு உட்கார்த்தி வைத்தார்கள். ஜன்னல் வழியாக ஒரு குழாயை வெளியே நீட்டி, அது மூச்சு விட வழி செய்தார்கள்.

அந்த வீடு பழனியாண்டிக்கும் அவர் மனைவி இருளாயிக்கும் ஒதுக்கப்பட்டது. பெயர் எழுதிய கடிதம் இருளாயியிடம் இருந்தது. சாவிதான் இல்லை. அவர்கள் இருந்ததோ மேட்டில் உள்ள பழைய லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். போன வருட மழையில் அதன் பின்சுவர் வெடித்து, வெடிப்பு இப்போது ஐந்து விரலும் உள்ளே போகும் அளவுக்கு அகன்றிருந்தது. அதிகாரிகள் வந்து பார்த்து, ‘மண்சரிவு அபாயம், இங்கே குடியிருக்க வேண்டாம்’ என்று சிவப்பு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். எங்கே குடியிருப்பது என்பதை நோட்டீஸில் எழுத இடம் போதவில்லை போலும்.

இருளாயிக்கு வீடு வேண்டியிருந்தது ஒரே ஒரு காரணத்துக்காக. மகள் ஷாமிளா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மருமகன் அஜந்தனுக்குக் கொழும்பில் கடையில் வேலை. ஆஸ்பத்திரியில் கொடுத்த திகதி ஜூலை கடைசி. ஜூலை என்றால் இங்கே மழை உச்சத்தில் இருக்கும். பிறக்கிற பிள்ளையை அந்த வெடித்த சுவருக்குக் கீழே கொண்டுவந்து கிடத்த இருளாயியால் முடியாது. இதில் சிக்கலான விஷயம் எதுவும் இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஆனால் நாட்டில் ‘தேசிய கீழ்வளிமண்டல ஓசோன் ஒழுங்காக்கல் அதிகாரசபை’ என்று ஒன்று இருந்தது. அதன் விதிப்படி, எந்தப் புதிய குடியிருப்பும் ‘ஓசோன் பருவச் சான்றிதழ்’ பெறாமல் மனிதர்களிடம் கையளிக்கப்படக் கூடாது. சான்றிதழுக்கு நான்கு பருவங்களின் அளவு தேவை. ஆகவே நான்கு பருவமும் முடியும்வரை ஓசோனை அளக்கும் இயந்திரம் வீட்டில் இருக்கும், மனிதர்கள் லயத்தில் இருப்பார்கள். இயந்திரத்துக்கு ஈரம் ஆகாது என்று அதன் கையேட்டில் எழுதியிருந்தது.

அதிகாரசபையின் களப் பொறுப்பாளர் றிஸாத், மாவனெல்லைப் பக்கத்துப் பொடியன். பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்தவன். தோட்டத்து ஆள் ஒருவரை அவதானிப்பாளராகப் போட வேண்டும் என்று விதி இருந்ததால், எழுதப் படிக்கத் தெரிந்த இருளாயியைப் போட்டான். வீட்டுச் சாவியும் அவள் கைக்கு வந்தது. தன் வீட்டுக்குள் தினமும் போகலாம், இயந்திரத்தைப் பார்க்கலாம், எழுதலாம், பூட்டிவிட்டு வந்துவிட வேண்டும். அங்கே அடுப்பு மூட்டினாலோ தூங்கினாலோ வேலை போய்விடும்.

“அக்கா, ஓசோன் எண்டா மேலயும் ஈக்குது, கீழயும் ஈக்குது,” என்று முதல் நாள் றிஸாத் விளக்கினான். “உசரத்தில ஈக்கிறது நல்லது. நம்மள வெயில்ல இருந்து காப்பாத்தும். கீழ வந்தா கெட்டது. நெஞ்சுக்கும் ஆகாது, பயிருக்கும் ஆகாது.”

“தெரியுங்க சேர்,” என்றாள் இருளாயி. “எங்க தோட்டத்து தொரை மாதிரி. பங்களாவில இருந்தா நல்லவரு. மலைக்கு எறங்கி வந்தாத்தான் தொல்ல.”

றிஸாத் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவில்லை. சுவரில் ஒரு வரைபடத்தை மாட்டினான். பக்கவாட்டில் பூமத்தியரேகையிலிருந்து பாகை பாகையாக அகலக்கோடுகள், கீழே மாதங்கள். ஐம்பதாம் பாகையில் கோடு சித்திரை, வைகாசியில் மேடு கட்டி நின்றது. அங்கேயெல்லாம் குளிர் முடிந்து வெயில் ஏறும்போது ஓசோன் கூடுமாம். நம்முடைய ஏழாம் பாகையில் கோடு வேறு மாதிரி ஓடியது. தை, மாசியில் வடக்குக் காற்று பெரிய நிலத்தின் புகையைச் சுமந்துகொண்டு வரும், வெயிலும் அடிக்கும், அப்போது கூடும். வைகாசி நடுவில் தென்மேல் மழை தொடங்கினால் காற்று கடலிலிருந்து வரும். கடல்மேல் புகை ஏது? அப்போது ஓசோன் குறைந்து, கோடு தரையில் படுத்துவிடும்.

இருளாயிக்கு இது ஒன்றும் புதிதாகப் படவில்லை. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான் பழனியாண்டி இறப்பர் பால் வெட்டப் போகலாமா என்று முடிவு செய்வார். புதிதாகப் பட்டது படிவம்தான். இயந்திரத்தை அன்பளிப்புச் செய்த ஐம்பதாம் பாகை நாடு படிவத்தையும் சேர்த்தே அனுப்பியிருந்தது. அதில் நான்கு கட்டங்கள் இருந்தன: குளிர்காலம், வசந்தம், கோடை, இலையுதிர்காலம்.

“சேர், இதுல மழக்காலம் எங்கங்க?”

“இல்ல அக்கா. நாலுதான் ஈக்குது.”

“இங்க வசந்தம் எப்பங்க வரும்?”

றிஸாத் கொழும்புக்கு எழுதிக் கேட்டான். ‘வசந்தம் வரும்வரை காத்திருக்கவும்’ என்று பதில் வந்தது. சித்திரை பிறந்தும் வராதபோது, ‘வசந்தம் தாமதமாவதற்கான காரணத்தை அவதானிப்பாளர் ஏழு நாட்களுக்குள் எழுத்தில் சமர்ப்பிக்க வேண்டும்’ என்று பதிவுத் தபால் வந்தது.

இருளாயி யோசித்து ஒரு பதில் எழுதினாள். இங்கே இறப்பர் மரம் தையில் இலை உதிர்க்கும், மாசியில் தளிர் விடும், ஆகவே இலையுதிர்காலமும் வசந்தமும் ஒன்றன்பின் ஒன்றாக முடிந்துவிட்டன, தயவுசெய்து சான்றிதழைத் தரவும் என்று. பத்தாம் நாள் பதில் வந்தது: ‘கோடைக்கு முன்னர் இலையுதிர்காலம் வர முடியாது. பருவங்களின் வரிசையை மாற்றும் அதிகாரம் அவதானிப்பாளருக்கு வழங்கப்படவில்லை.’

“காயிதம் எழுதத் தெரிஞ்ச ஆளுகிட்ட நீ ஏன் புள்ள காயிதத்துல மோதுற?” என்றார் பழனியாண்டி.

அவள் மோதவில்லை. வேலையை ஒழுங்காகத்தான் செய்தாள். அங்கேதான் வினையே.

முப்பத்தொரு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவள் அவள். தராசில் கூடையைத் தொங்கவிட்டால் முள் காட்டுகிற எடையை யாரும் எழுத மாட்டார்கள். கூடைக்கு இரண்டு கிலோ கழிப்பார்கள். கொழுந்து நனைந்திருந்தால் ஈரத்துக்குக் கழிப்பார்கள். தூறலுக்கு மூன்று, நின்று பெய்கிற மழைக்கு ஐந்து, கொட்டினால் பத்து. கூடை ஏறுவதும் கழிவு போவதும் அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. கழிக்காமல் எழுதிய ஓர் எண்ணை அவள் வாழ்நாளில் கண்டதில்லை. முள் காட்டியதை அப்படியே எழுதுகிறவர் ஒன்றில் புதியவர், அல்லது களவாணி.

ஆகவே இயந்திரம் முப்பத்தெட்டு என்று காட்டினால், அது அடங்கியிருந்த தகரப் பெட்டிக்கு இரண்டு கழித்து முப்பத்தாறு என்று எழுதினாள். மழை நாள் என்றால் ஈரத்துக்கும் கழித்தாள். யாரும் அவளைக் கழிக்கச் சொல்லவில்லை. கழிக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மாசியில் மழை இல்லாததால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஏழாம் பாகையின் ஓசோன் கொஞ்சம் மெலிந்திருப்பதாகக் கொழும்பு நினைத்துக்கொண்டது.

வைகாசி நடுவில் காற்றுத் திரும்பியது. தென்மேல் மழை மலையில் வந்து மோதிக் கொட்டத் தொடங்கியது. வரைபடம் சொன்னபடியே இயந்திரத்தின் எண்கள் இறங்கின. இருபது, பதினைந்து, பன்னிரண்டு. இருளாயி கழித்துக்கொண்டே வந்தாள். ஜூன் ஒன்பதாம் திகதி பகல் பன்னிரண்டு மணிக்கு, வானம் உடைந்தது போல மழை. இயந்திரம் ஒன்பது காட்டியது. பெட்டிக்கு இரண்டு. கொட்டுகிற மழைக்குப் பத்து. அவள் ஒன்பதிலிருந்து பன்னிரண்டைக் கழித்துப் பார்த்தாள். பிறகு நேர்மையாக, ‘3 குறை’ என்று எழுதினாள்.

றிஸாத் வராத வாரம் அது. தாள் தபாலில் போனது. கொழும்பில் ஒரு தட்டெழுத்தாளர் ‘3 குறை’ என்பதைப் பூச்சியத்துக்குக் கீழே மூன்று என்று கணினியில் ஏற்றினார்.

அதிகாரசபை அதிர்ந்தது. நூறு கோடிப் பங்கு காற்றில் ஓசோன் எத்தனை பங்கு என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஒன்றுமே இல்லாவிட்டால் பூச்சியம். ஒன்றுமே இல்லாததற்கும் கீழே மூன்று எப்படி வரும்? இந்தக் கேள்வியை ஓர் இளநிலை உத்தியோகத்தர் கேட்டார். அவரைப் பொலன்னறுவைக்கு இடமாற்றினார்கள். மீதியிருந்தவர்கள் எவருக்கும் கேள்வி இருக்கவில்லை.

நான்காம் நாள் பணிப்பாளர் நாயகம் கலாநிதி விக்னராஜா நேரில் வந்தார். ஏழாம் நம்பர் வீட்டு வாசலில் பந்தல் போட்டார்கள். கீழ்ப்பிரிவு சனத்தை வேலையை விட்டு வரச் சொல்லி, மழையில் வரிசையாக நிறுத்தினார்கள். பந்தலுக்குக் கீழே பணிப்பாளர் நாயகமும் ஒலிபெருக்கியும் மட்டும் இருந்தனர்.

“அன்பார்ந்த தோட்டப் பெருமக்களே,” என்று தொடங்கினார். “நமது நாடு அகலக்கோட்டில் பின்தங்கிய நாடு. இதை நான் வேதனையோடு சொல்கிறேன். நமக்குக் கிடைத்தது ஆறு முதல் பத்துப் பாகை. ஐம்பதாம் பாகை நாடுகள் வசந்தம் வந்ததும் நாற்பது, ஐம்பது என்று காட்டுகின்றன. நமக்குப் பெப்ரவரியில் வடக்கேயிருந்து யாராவது அனுப்பினால்தான் உண்டு. ஜூனில் அதுவும் இல்லை. கடற்காற்று வெறுங்கையோடு வருகிறது. இருபத்திரண்டு வருடங்களாக நான் சர்வதேச மாநாடுகளில் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறேன். சிற்றுண்டி என் வரிசைக்கு வரும்போது முடிந்துவிடும்.”

அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

“ஓசோன் கூடினால் நல்லதா, குறைந்தால் நல்லதா என்று சிலர் கேட்கிறார்கள். அதிகாரசபையின் நிலைப்பாடு தெளிவானது. கூடினால் நிதி கேட்போம். குறைந்தால் விருது கேட்போம். ஆனால் இன்று நாம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பூச்சியத்துக்குக் கீழே போயிருக்கிறோம்! உலகில் எந்த நாடும் போகாத ஆழத்துக்கு நாம் போயிருக்கிறோம். எத்தனை பாகை உள்ளவனும் இனி நமக்குக் கீழே போக முடியாது!”

கைதட்டச் சொன்னார்கள். நனைந்த கைகள் சத்தம் போடவில்லை.

பிறகு அரசிதழான வர்த்தமானியில் வந்த அறிவித்தலை வாசித்தார். ஏழாம் நம்பர் வீட்டைச் சுற்றி இருநூறு மீற்றர் ‘தேசிய எதிர் ஓசோன் வலயம்’ ஆக்கப்படுகிறது. வலயத்துக்குள் கருவியும் அதன் இணைப்புகளும் மட்டுமே இருக்கலாம். சமைத்தல், உறங்குதல், அவசியமின்றி மூச்சு விடுதல் தடை. பன்னிரண்டு வீடுகளும் இருநூறு மீற்றருக்குள்ளேயே இருந்தன.

ஷாமிளா எட்டு மாத வயிற்றோடு வரிசையில் நின்றாள். இருளாயி மகளைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குத் தான் செய்தது உறைத்தது. வரிசையை விட்டு விலகி நேரே பந்தலுக்குள் போனாள்.

“ஐயா, அது கீழ போனது இல்லீங்க. நான் ஈரத்துக்குக் கழிச்சது.”

பணிப்பாளர் நாயகம் ஒலிபெருக்கியை அணைக்கச் சொல்லிவிட்டு, அவளையும் றிஸாத்தையும் வீட்டுக்குள் அழைத்துப் போனார்.

“யார் உம்மைக் கழிக்கச் சொன்னது?”

“யாரும் சொல்லலீங்க. மழ நாள்ல கழிக்காம யாருங்க எழுதுவாங்க? எங்க கொழுந்துக்கு முப்பத்தொரு வருசமா அப்படித்தான் கழிக்கிறாங்க.”

“கொழுந்து நனையும். காற்று எப்படியம்மா நனையும்?”

“வெளிய வந்து கொஞ்சம் நின்னு பாருங்க ஐயா.”

அவர் வெளியே போய்ப் பார்க்க விரும்பவில்லை. றிஸாத் தாள்களைப் புரட்டிக் கழிவுகளைக் கூட்டி, ஜூன் ஒன்பதாம் திகதியின் உண்மையான அளவு ஒன்பது என்று காட்டினான். மழைக்காலத்தில் கடற்காற்று வீசும்போது இந்த அகலக்கோட்டில் எங்கே அளந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும் என்றும் சொன்னான்.

“எங்கே அளந்தாலும் இருக்கிற ஒன்றுக்கு எதற்குத் தம்பி ஓர் அதிகாரசபை?” என்றார் பணிப்பாளர் நாயகம். பிறகு இருளாயியின் பக்கம் திரும்பிக் கனிவாகப் பேசினார். “அம்மா, உண்மையைத் திருத்தலாம். வர்த்தமானியைத் திருத்த முடியாது. நீர் கழித்தது தவறுதான். ஆனால் அந்தத் தவறின்மேல் நான் கையொப்பம் இட்டுவிட்டேன். இனி நிறுத்தினால் அது மோசடியாகிவிடும். ஆகவே தொடர்ந்து கழியும். அடுத்த மாதம் வெளிநாட்டுப் பிரதிநிதிகள் வருகிறார்கள். கொஞ்சம் தாராளமாகவே கழியும்.”

“அப்ப வீடுங்க?”

“வீடு இப்போது தேசத்தின் சொத்து.”

“எம் மகளுக்கு அடுத்த மாசம் புள்ள பொறக்கப் போவுதுங்க.”

“வலயத்துக்கு வெளியே எங்கே வேண்டுமானாலும் பிறக்கலாம்,” என்றார் அவர். அதில் அவருக்கு எந்த ஆட்சேபமும் இருக்கவில்லை.

அன்று பழனியாண்டியிடம் அவள் அழுதாள். “மத்தவங்க நம்மள கழிச்சாங்க, பொறுத்தோம். நானே என் கையால நம்ம வீட்டக் கழிச்சிட்டேனே.” பழனியாண்டி எழுந்து போய்ச் சுவர் வெடிப்பில் சாக்கை அடைத்தார்.

ஜூலையில் மழை விடவே இல்லை. வெடிப்பில் அடைத்த சாக்கு உள்ளே போய் விழுந்துவிட்டது. இருபத்திரண்டாம் திகதி காலை, லயத்துக்குப் பின்னால் மண்ணிலிருந்து கலங்கல் தண்ணீர் ஊற்றாக வரத் தொடங்கியது. மேடு சரியப் போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதே நாள்தான் வெளிநாட்டுப் பிரதிநிதிகள் வருகிற நாளும்.

இருளாயி யாரையும் கேட்கவில்லை. சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஸம்சுதீன் நானாவுக்குத் தொலைபேசியில் கோல் எடுத்தாள்.

“நானா, ஒங்க லொறி வேணும். சாமான் ஏத்தணும்.”

“எங்க கொண்டு போறீங்க?”

“என் வூட்டுக்கு.”

ஸம்சுதீன் வேறொன்றும் கேட்காமல் கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்தார். அவருடைய லொறி அவரைவிட மூத்தது. புகை கறுப்பாக வரும். ஒருமுறை நிறுத்தினால் நாலு பேர் தள்ளாமல் மறுபடி எழும்பாது. இருளாயி தன்னிடம் இருந்த சாவியால் ஏழாம் நம்பரைத் திறந்தாள். மற்றப் பதினொரு குடும்பங்களும் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. சட்டி, பானை, பாய், சாமிப் படம் எல்லாம் இறங்கின. மற்ற வீடுகளின் பூட்டுகளைப் பழனியாண்டி ஒரு கம்பியால் மரியாதையாகத் திறந்துவிட்டார்.

பிரதிநிதிகளுக்கு இடம் தயார் செய்ய றிஸாத் முன்கூட்டியே வந்தான். இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஷாமிளா பாயில் படுத்திருந்தாள்.

“அல்லாவே! என்தா அக்கா இது? வர்த்தமானி ஈக்குதே!”

“வர்த்தமானி மேல மண்ணு விழாது சேர். எங்க மேலதான் விழும். போலீச வேணும்னா கூப்பிடுங்க. நாங்க வூட்ட விட்டு எறங்க மாட்டோம்.”

றிஸாத் மேட்டைப் பார்த்தான். கலங்கல் தண்ணீர் வழிவது அங்கிருந்தே தெரிந்தது. அவன் போலீசைக் கூப்பிடவில்லை. அவனுக்கு வேறு கவலையும் இருந்தது. இயந்திரம் பதினொன்று காட்டிக்கொண்டிருந்தது. தாளில் கழித்து எழுதலாம். பிரதிநிதிகளின் கண்ணுக்கு முன்னால் இயந்திரத்தின் முகத்தில் எப்படிக் கழிப்பது?

அந்த நேரத்தில் ஸம்சுதீன் நானா அடுத்த சாமானை இறக்க லொறியைப் பின்னுக்கு எடுத்தார். புகைக்குழாய் சரியாக ஜன்னல் குழாய்க்குக் கீழே வந்து நின்றது. எண் ஏழாகியது. நாலாகியது. ஒன்றாகியது. பிறகு பூச்சியத்தில் நின்று, இடையிடையே பூச்சியத்துக்குக் கீழே ஒன்று என்றும் தடுமாறியது. அந்தளவு தடுமாற்றம் எந்த இயந்திரத்துக்கும் உண்டு.

றிஸாத்துக்குப் படித்தது நினைவு வந்தது. என்ஜினிலிருந்து சுடச்சுட வருகிற புகை ஓசோனைத் தின்றுவிடும். அதனால்தான் வாகனம் நெரிகிற நகரத்துத் தெருவைவிடப் புகை போய்ச் சேரும் தூரத்துக் கிராமத்தில் ஓசோன் கூடுதலாக இருப்பதுண்டு. அவன் ஓடிப்போய்க் கத்தினான்.

“நானா, என்ஜின நிப்பாட்டாதீங்க!”

“நிப்பாட்டினா ஸ்டார்ட் வராது மகன். நான் எங்க நிப்பாட்ற?”

ஜீப்புகள் வந்து நின்றன. பணிப்பாளர் நாயகம் பிரதிநிதிகள் இருவரோடும் இறங்கி, உள்ளே வந்து, முதலில் எண்ணைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிரதிநிதிகள் குனிந்து பார்த்தார்கள், கைகுலுக்கினார்கள், படம் எடுத்தார்கள். கண்கள் எரிந்து தண்ணீர் வந்தபோது அதை உணர்ச்சிவசப்பட்டதாக எடுத்துக்கொண்டார்கள். பிறகு அவர்களில் ஒருவர் பாயையும், அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த இருளாயியையும், ஷாமிளாவின் வயிற்றையும் பார்த்துவிட்டு, இவர்கள் யார் என்று கேட்டார்.

பணிப்பாளர் நாயகத்துக்கு அப்போதுதான் அவர்கள் கண்ணில் பட்டார்கள். வலயத்துக்குள் மனிதர்கள் இருக்கிறார்கள் என்றால் வர்த்தமானி மீறப்பட்டுவிட்டது. வர்த்தமானி மீறப்பட்டும் எண் இறங்கியிருக்கிறது என்றால் வர்த்தமானியே தேவையில்லை.

“கருவியிட இணைப்புகள் சேர்,” என்றான் றிஸாத். “இவங்களச் சேர்த்தாத்தான் இந்த அளவு வருது. வேணுமெண்டா கழட்டிப் பார்ப்போமா?”

வெளியே லொறி உறுமியது. பணிப்பாளர் நாயகம் எண்ணைப் பார்த்தார், பிரதிநிதிகளைப் பார்த்தார்.

“கழற்ற வேண்டாம்,” என்றார்.

அங்கேயே இணைப்புப் பட்டியல் தயாராயிற்று. பன்னிரண்டு வீடுகளிலும் நாற்பத்துமூன்று இணைப்புகள். அதிகாரசபையின் பொருட்பதிவேட்டில் ஏற்றி, ஒவ்வொருவருக்கும் இலக்கம் எழுதிய ஸ்டிக்கர் கொடுத்தார்கள். பழனியாண்டி 7/1. இருளாயி 7/2. ஷாமிளாவுக்கு 7/3 என்று ஒட்டி, ‘கவனமாகக் கையாளவும்’ என்று சேர்த்து எழுதினார்கள். இணைப்புகளை நிறுவிய இடத்திலிருந்து அனுமதியின்றி அகற்றுவது தண்டனைக்குரிய குற்றம் என்று பணிப்பாளர் நாயகம் கையொப்பம் இட்டார். ஆறு மாதமாக மனிதர்களாக நின்று கேட்டபோது கிடைக்காத உறுதி அது.

இரண்டு நாள் கழித்துப் பகல் மூன்று மணிக்கு மேடு இறங்கியது. லயத்தின் பின்சுவரும் பன்னிரண்டு காம்பரா அறைகளும் மண்ணுக்குள் போயின. உள்ளே யாரும் இல்லை. முன்சுவரில் ஒரு துண்டு மட்டும் சிவப்பு நோட்டீஸோடு நின்றது.

ஷாமிளாவுக்கு ஜூலை இருபத்தொன்பதாம் திகதி பெண் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஏழாம் நம்பருக்குக் கொண்டுவந்தார்கள். அஜந்தன் கொழும்பிலிருந்து தொட்டில் வாங்கி வந்தான். சுவரில் ஈரம் இல்லை, வெடிப்பு இல்லை. இருளாயி அன்றுதான் அந்த வீட்டில் பால் காய்ச்சினாள்.

ஆவணியில் கணக்காய்வுப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. ‘இலக்கம் ஏழில் பொருட்பதிவேட்டில் இல்லாத சிறிய இணைப்பு ஒன்று காணப்படுவதாக அறிகிறோம். இதற்கான கொள்வனவுக் கட்டளை, உத்தரவாதக் காலம், உற்பத்தி நாடு ஆகிய விபரங்கள் பதினான்கு நாட்களுக்குள் சமர்ப்பிக்கப்பட வேண்டும். தவறின் இணைப்பு திருப்பி அனுப்பப்படும்.’

றிஸாத் படிவத்தோடு வந்தான். வெட்கத்தில் அவனால் இருளாயியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“ஒண்ணும் யோசிக்க வாணாம் அக்கா. கொள்வனவுக் கட்டளைக்கு அன்பளிப்பு எண்டு போட்றன். உத்தரவாதம் எண்டதுக்குக் கோடு கிழிச்சா சரி. உற்பத்தி நாடு எண்டு ஒரு கட்டம் ஈக்குது, அதுக்கும் என்தாவது போட்டுக்கொள்றன்.”

“அத நீங்க போட வேணாம். குடுங்க,” என்று பேனையை வாங்கினாள் இருளாயி.

அந்தக் கேள்வி அவளுக்குப் புதிதல்ல. அவளுடைய அப்பா இதே ஹீன்கந்தையில் பிறந்து, இதே மலையில் நாற்பது வருடம் தேயிலைக்கு மருந்து அடித்தவர். குடியுரிமை அலுவலகத்திலிருந்து, நீ எந்த நாட்டு ஆள் என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு அவர் ஆயுள் முழுவதும் பதில் எழுதினார். அத்தாட்சி போதாது என்று ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது. எந்த நாட்டு ஆளும் இல்லாமலேயே செத்துப்போனார்.

அவள் கட்டத்துக்குள் ‘இலங்கை’ என்று எழுதினாள். இடம் போதாமல் ஓரத்தில், ‘ஹீன்கந்த தோட்டம், கீழ்ப்பிரிவு, ஏழாம் நம்பர் வீடு’ என்றும் எழுதினாள். எழுத்து மறுபக்கத்தில் புடைத்துக்கொண்டு தெரிந்தது.

பதினோராம் நாள் பதில் வந்துவிட்டது. அதிகாரசபையின் முத்திரை, இரண்டு கையொப்பங்கள். ‘இணைப்பு 7/4 பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. உற்பத்தி நாடு: இலங்கை. ஆட்சேபனை இல்லை.’

அப்பாவுக்கு ஆயுள் முழுக்கக் கிடைக்காத வரி, ஓர் இயந்திரத்தின் உதிரிப்பாகத்துக்குப் பதினொரு நாளில் கிடைத்திருந்தது. இருளாயி கடிதத்தை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு பேத்தியின் பிறப்புச் சான்றிதழ் இருந்த பொலித்தீன் உறைக்குள் அதையும் சேர்த்து வைத்தாள். நாளைக்கு யாராவது வந்து கேட்டால் இரண்டில் எது செல்லுபடியாகும் என்று அவளுக்குத் தெரியவில்லை.